கடலோரக் கிளினிக்குக்கு சாலிட் சர்ஃபேஸ் ரிசப்ஷன் மேஜை: அளவெடுப்பு முதல் ஒப்படைப்பு வரை

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், தங்கச்சிமடம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் கிளினிக்குகளுக்கும் ஸ்கேன் சென்டர்களுக்கும் மேஜை செய்து வருகிறேன். பிளைவுட்டும் லேமினேட்டும் நன்றாகத் தெரிந்த தச்சர்கள், முதல் தடவை சாலிட் சர்ஃபேஸ் ஷீட்டை (அக்ரிலிக் பிசினும் கனிமப் பொடியும் கலந்து செய்த பலகை) கையில் எடுக்கும்போது எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஷீட்டில் இல்லை. அதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய வேலை ஒன்றைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். ஒரு படி முடியாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

1. உயரத்தை முடிவு செய்யுங்கள்

வரைபடம் போடுவதற்கு முன்னால் அந்த ரிசப்ஷனில் ஒரு காலை நேரம் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். டோக்கன் போடும் பெண் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே இருப்பார். வருகிறவர்கள் நின்றுகொண்டு பேசுவார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பணம் எண்ணுவார்கள். முழங்கால் வலியோடு வரும் பெரியவர் உடம்புப் பாரத்தையே மேஜைமேல் சாய்ப்பார்.

நிற்பவர்களுக்கு 1050 முதல் 1100 மி.மீ. உயரம் சரி. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 740 முதல் 760. சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஒரு பகுதியை 760 மி.மீ. உயரத்தில், 900 மி.மீ.க்குக் குறையாத அகலத்தில் விடுங்கள். அதன் அடியில் முழங்கால் நுழைய 700 மி.மீ. உயரமும் 480 மி.மீ. ஆழமும் காலியாக இருக்க வேண்டும். இதை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களாகவே போட்டுக் கொடுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் நெஞ்சுக்கு மேலே இருக்கும் பலகையைப் பார்த்துத் தன் நோயைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு சுவருக்கும் அது கேட்கிறது.

ஒரு வசதியும் இருக்கிறது. உள்ளே இருப்பவரின் வேலைத்தளமும் இந்தத் தாழ்வான பகுதியும் ஒரே 760 உயரத்தில் இருந்தால், ஒரே ஷீட் தொடர்ந்து ஓடும். ஒரு ஜாயின்ட் குறையும்.

வெளி மூலைகள் எல்லாவற்றுக்கும் குறைந்தது 40 மி.மீ. வளைவு கொடுங்கள். தாழ்வான பகுதியின் மூலை, ஓடி விளையாடும் குழந்தையின் தலை உயரத்தில்தான் வரும்.

2. இடத்தை அளப்பது

சுவர் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். இங்கே பல கிளினிக்குகள் வீட்டை மாற்றிக் கட்டியவை. கொத்தனார்கள் செய்வதுபோல மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மூலை சதுரமில்லை. அளவு நாடாவை மட்டும் வைத்து அந்தச் சுவருக்கு மேஜை செய்ய முடியாது.

டெம்ப்ளேட் எடுங்கள். 4 மி.மீ. பிளைவுட்டை 75 மி.மீ. பட்டைகளாகக் கிழித்து, சுவரை ஒட்டி வைத்து, சூடான பசைத் துப்பாக்கியால் ஒன்றோடொன்று ஒட்டினால் இடத்தின் அச்சு அப்படியே கிடைக்கும். எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் ஆட்கள், எது மேல்புறம் என்று அதிலேயே எழுதுங்கள். தலைகீழாகத் திருப்பி வைத்து வெட்டிவிட்டு ஒரு முழு ஷீட்டை இழந்தவர்கள் உண்டு.

தரையையும் பாருங்கள். கழுவிவிட வசதியாக வாசல் பக்கம் சரிவு கொடுத்திருப்பார்கள். மூன்று மீட்டர் நீளத்தில் 12 மி.மீ. இறக்கம் பார்த்திருக்கிறேன். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடிச்சட்டத்தில் அதைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம் வாசல். அகலம், உயரம், உள்ளே திரும்பும் இடம் மூன்றையும் அளவெடுங்கள். பட்டறையிலேயே முழு மேஜையையும் ஒட்டி முடித்து, கிளினிக் வாசலில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றிருக்கிறேன். மூன்றடி வாசல். உள்ளே நுழைந்ததும் உடனே திருப்பம். கடைசியில் ஜன்னல் கிரில்லைக் கழற்ற வேண்டியதாயிற்று. எத்தனை துண்டாகக் கொண்டுபோகப் போகிறோம், எந்த ஜாயின்ட்டை அங்கே போட்டு ஒட்டப் போகிறோம் என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள்.

எலக்ட்ரீசியனை இதே நாளில் வரச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர், பிரிண்டர், யுபிஎஸ், டோக்கன் போர்டு, கார்டு மெஷின், போன் சார்ஜர் என்று பட்டியல் போட்டு, ஒயர் தரையிலிருந்து எங்கே ஏறுகிறது என்று குறியுங்கள். பிளக் பாயின்ட் தரையிலிருந்து 300 மி.மீ.க்குக் கீழே வேண்டாம். தினமும் தரையை நனைத்துத் துடைக்கிற இடம் இது. மழையையும் நினைக்க வேண்டும். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.யைத் தாண்டிக் கொட்டியது.

3. சரக்கு வாங்குவது

சாலிட் சர்ஃபேஸ் ஷீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசின். மீதி அலுமினியம் ட்ரைஹைட்ரேட் என்ற கனிமப் பொடி. கடையில் கோரியன் என்று ஒரு பிராண்டின் பெயராலேயே எல்லாவற்றையும் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, சுத்த அக்ரிலிக்கா, பாலியெஸ்டர் கலந்ததா என்பது. கலந்தது விலை குறைவு. ஆனால் சூடாக்கி வளைக்கும்போது வெளுக்கும், விரிசல் விடும், வெயில் பட்டால் மஞ்சளாகும். கண்ணாடிக் கதவு வழியாக மதியம் முழுக்க வெயில் விழும் ரிசப்ஷனுக்கு அது ஆகாது.

மேல்தளத்துக்கு 12 மி.மீ. ஷீட். செங்குத்தான முன்பக்கத்துக்கு 6 மி.மீ. போதும். ஒரு ஷீட் பொதுவாக 12 அடி நீளம், இரண்டரை அடி அகலம். மொத்த வேலைக்கும் ஒரே பேட்ச் எண் உள்ள ஷீட்டுகளையே வாங்குங்கள். ஒரே நிறம், ஒரே பெயர் என்றாலும் பேட்ச் மாறினால் ஜாயின்ட்டில் நிற வித்தியாசம் தெரியும். பசையும் அந்த நிறத்துக்கே உரியதாக இருக்க வேண்டும்.

நிறத்தில் என் கருத்து: அடர் கறுப்பும் அடர் நீலமும் வேண்டாம். விரல் நகம் பட்ட கீறல்கூட வெள்ளைக் கோடாகத் தெரியும். பளிச்சென்ற வெள்ளையில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் கண்ணில் அடிக்கும். மணல் நிறத்தில் சிறு புள்ளிகள் உள்ளதுதான் நீண்ட நாள் நன்றாக இருக்கும்.

அடிச்சட்டத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட். எம்டிஎஃப்பும் பார்ட்டிகிள் போர்டும் இந்தக் கடற்காற்றில் ஊதிப்போகும். ஸ்குரூ எல்லாம் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அலைச் சாரல் எட்டும் தூரத்தில் கட்டடம் இருந்தால் 316 ரகம். சாதா இரும்பு ஸ்குரூ போட்டால், உப்புக் காற்றில் துருப்பிடித்து மரத்தையும் கறையாக்கி, பிடிப்பையும் விடும். சிலிக்கான் வாங்கும்போது நியூட்ரல் வகை கேளுங்கள். புளித்த காடி வாடை அடிப்பது அசிட்டிக் வகை. அது காயும்போது வெளிவரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். இங்கே காற்றே அந்த வேலையைப் போதுமான அளவு செய்கிறது.

4. ஷீட்டைக் கொண்டுவருவது

ஒரு 12 மி.மீ. ஷீட் 60 கிலோவை நெருங்கும். குட்டியானையின் பின்தட்டு ஏழடிதான். பன்னிரண்டடி ஷீட்டை அதில் படுக்க வைத்தால் ஐந்தடி வெளியே தொங்கும். ஒவ்வொரு குழியிலும் அது ஆடி, வெளியே தெரியாத உள்விரிசல் விழும். நீளமான வண்டி பேசுங்கள். மரச் சட்டத்தில் ஷீட்டை நீளவாக்கில் நிறுத்தி, மேலும் கீழும் கட்டுங்கள். பாம்பன் பாலத்தைத் தாண்டுவதாக இருந்தால் கட்டிய கயிற்றை இன்னொரு தரம் இழுத்துப் பாருங்கள். நிறுத்திய ஷீட் படகுப் பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும்.

பட்டறைக்கு வந்ததும் சமதளத்தில் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் இரண்டு நாளில் வளைந்துவிடும். ஒரு நாள் முழுக்க நிழலில் இருந்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகே வெட்ட வேண்டும்.

5. அடிச்சட்டம்

ஷீட் தன் அடியில் இருப்பதை அப்படியே காட்டிக்கொடுக்கும். சட்டத்தில் 2 மி.மீ. மேடு இருந்தால், ஷீட் அதன்மேல் உட்கார்ந்து, யாராவது ஓரத்தில் சாயும்போதெல்லாம் அந்த மேட்டைச் சுற்றி இழுபடும்.

மேல்தளத்துக்கு அடியில் முழுப் பலகை போடாமல் ஏணி மாதிரி சட்டம் அமையுங்கள். குறுக்குக் கட்டைகள் 400 மி.மீ. இடைவெளிக்கு மேல் போக வேண்டாம். ஜாயின்ட் வரும் இடத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு கட்டை. சட்டத்துக்கு வெளியே 150 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் எந்தப் பகுதிக்கும் அடியில் பிராக்கெட் வேண்டும். சாயும் பெரியவரை மறக்காதீர்கள்.

தரையில் படும் முதல் 100 மி.மீ.க்கு பிளைவுட் வேண்டாம். கிரானைட் பட்டையோ டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையோ வைத்து, அதன்மேல் சட்டத்தை ஏற்றுங்கள். துடைக்கும் தண்ணீரும் கிருமிநாசினியும் தினமும் படுகிற இடம் அது. தரைச் சரிவை இங்கே ஆப்பு வைத்துச் சரிசெய்து, ரசமட்டத்தை நீளம், அகலம், குறுக்கு மூன்று வாக்கிலும் வைத்துப் பாருங்கள். பிளைவுட்டை வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும் சீலர் அடியுங்கள். ஈரம் ஏறுவது அந்த ஓரம் வழியாகத்தான்.

ஒயர் போகும் பாதை, பிரிண்டர் சூடு வெளியேறும் துளை எல்லாம் இப்போதே. ஷீட் ஏறிய பிறகு துளை போட நினைத்தால் அடியில் கட்டை குறுக்கே நிற்கும்.

6. வெட்டு

ஜிக்ஸாவைத் தொடவே வேண்டாம். அது விடும் பல் தடம் ஒவ்வொன்றும் ஒரு விரிசலின் தொடக்கம். நேர்வெட்டுக்குக் கார்பைடு பல் உள்ள பிளேடு. மற்றதெல்லாம் ரவுட்டர் (சுழலும் பிட்டால் வெட்டும் கைமெஷின்), 12 மி.மீ. கார்பைடு பிட், இரண்டு மூன்று தடவையாக ஆழம் கூட்டி. என்95 முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தூள் மாவு மாதிரி மெல்லியது. நாள் முழுக்க மூச்சில் ஏறும்.

இப்போது உள்மூலை. எல் வடிவ மேஜையின் உள்மூலையை ஒருபோதும் சதுரமாக விடாதீர்கள். நான் செய்த மூன்றாவது மேஜையில் அப்படி விட்டேன். ஐந்தாவது மாதம் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் மூலையிலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, குறுக்காக நாலு அங்குலம் ஓடியிருந்தது. விரலால் தடவினால் தெரியாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால், மேல்பரப்பு காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் ஈரமாக நின்றது. நோயாளிகள் கைவைக்கும் மேஜையில் அழுக்கு தங்க ஓர் இடத்தை நானே செய்து கொடுத்திருக்கிறேன். அந்தப் பகுதியை வெட்டியெடுத்து வேறு துண்டு வைத்தேன்.

காரணம் எளியது. ஷீட் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். அந்த இழுப்பு முழுவதும் கூர்மையான மூலையில் போய்க் குவியும். குறைந்தது 12 மி.மீ. ஆரமுள்ள வளைவு இருந்தால் இழுப்பு பரவிப்போகும். ஜாயின்ட்டும் சரியாக மூலையில் வரக்கூடாது. 600 மி.மீ. அகல மேஜைக்கு, 760 அகல ஷீட்டில் 160 மி.மீ. மிஞ்சும். அதில் 75 மி.மீ.யை வெட்டியெறியாமல் காது மாதிரி விட்டால், வளைவு முழுத் துண்டிலேயே வந்துவிடும். ஜாயின்ட் மூலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். ஒயர் துளையும் ஜாயின்ட்டிலிருந்து 75 மி.மீ.யாவது தள்ளி இருக்கட்டும்.

7. ஒட்டு

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் பசையில்லாமல் சேர்த்துப் பாருங்கள். இரண்டு ஓரமும் சேரும் இடத்துக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசிந்தால் ஓரம் சரியில்லை. பசை ஊற்றி நிரப்பிவிடலாம் என்று தோன்றும். நிரப்பினால் ஜாயின்ட் கோடாகவே இருக்கும். மறுபடி ரவுட்டரில் ஓட்டுங்கள்.

ஓரங்களை 150 எண் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, வெள்ளைத் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, துணியில் அழுக்கு வராதவரை துடையுங்கள். தின்னர் வேண்டாம். சாயத்துணியும் வேண்டாம், நிறம் ஏறிவிடும். பென்சில் கோடு இருந்தால் அதுவும் போக வேண்டும். துடைத்த ஓரத்தை அப்புறம் விரலால் தொடாதீர்கள்.

ஆடி மாதம் திறந்த கொட்டகையில் ஒரு ஜாயின்ட் ஒட்டினேன். கச்சான் காற்று. பசை போட்டுச் சேர்ப்பதற்குள் மணல் விழுந்திருக்கிறது. காய்ந்து தேய்த்த பிறகு, வெள்ளை ஷீட்டில் ஒட்டு தெரியவில்லை. ஆனால் அது ஓடிய வழி முழுக்க மிளகைப் பொடித்துத் தூவினது போல ஏழெட்டுக் கறுப்புப் புள்ளிகள். அன்றிலிருந்து நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்த பிறகுதான் பசையைத் திறக்கிறேன்.

பசை இரண்டு பாகம், ஒரே கார்ட்ரிட்ஜில் வரும். முனையிலிருந்து வரும் முதல் சில சென்டிமீட்டரை ஒரு அட்டையில் பிழிந்து எறியுங்கள். அதில் கலவை விகிதம் சரியாக இருக்காது. இந்த ஊர் வெயிலில் பசை வேகமாக இறுகும். ஆகையால் காலை ஏழு மணிக்கு முன்னால் ஒட்டுவது நல்லது. கிளாம்புகளை முன்கூட்டியே திறந்து வரிசையாக வைத்திருங்கள். பசையிலிருந்து வரும் மெத்தில் மெத்தாக்ரிலேட் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், தலையும் வலிக்கும். தார்ப்பாய் கட்டினாலும் காற்று போக வழி இருக்கட்டும். பீடி பக்கத்தில் வரக்கூடாது.

கிளாம்ப் மாட்ட ஷீட்டில் பிடிமானம் இருக்காது. ஜாயின்ட்டின் இரு பக்கமும் சின்ன மரக்கட்டைகளைச் சூடான பசையால் ஒட்டி, அவற்றில் மாட்டுங்கள். அழுத்தம் பசை மெல்லிய கோடாக மேலே பிதுங்கும் அளவுக்குப் போதும். புதியவர்கள் எல்லோரும் இங்கே முழுப் பலத்தையும் காட்டுகிறார்கள். பசை முழுக்க வெளியே போய், உள்ளே காய்ந்த ஓரங்கள் மட்டும் மிஞ்சும். அந்த ஜாயின்ட் ஒரு நாள் பட்டென்று விடும்.

பிதுங்கிய பசையை ஈரத்தில் வழிக்காதீர்கள். பசை இறுகும்போது சுருங்கும். மேலே அந்தக் கோடு இருந்தால்தான் சுருங்கிய பிறகும் ஜாயின்ட் நிறைந்திருக்கும். வழித்துவிட்டால் நடுவில் பள்ளம் விழும். ஒரு மணி நேரம் கழித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழாமல், சீவினால் சில்லாக உடைந்தால் காய்ந்துவிட்டது.

கடைசியாக, ஜாயின்ட்டின் அடியில் அதே ஷீட்டில் வெட்டிய 100 மி.மீ. அகலப் பட்டையை ஒட்டுங்கள். அது இல்லாத ஜாயின்ட்டை நம்பி யாரையும் சாய விடாதீர்கள்.

வேலை பாதியில் இருக்கும்போது மின்தடை வந்தால் ஓரத்தை மறுபடி தயார் செய்ய வேண்டியிருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. வளைவு இருந்தால்

முன்பக்கம் வளைவாக வேண்டும் என்றால் 6 மி.மீ. ஷீட்டை ஓவனில் ஏறக்குறைய 150 முதல் 165 டிகிரிக்குச் சூடாக்கி, மர அச்சின்மேல் போட்டு, ஆறும்வரை இறுக்கி வைக்க வேண்டும். ஹீட் கன் போதாது. ஒரு இடம் தீயும், பக்கத்து இடம் சூடேறாது. ஓவன் இல்லாவிட்டால் மதுரை மாதிரி ஊரில் வளைத்து வாங்குங்கள். அல்லது நேரான முன்பக்கமே போதும் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நான் பல முறை சொல்லியிருக்கிறேன், யாரும் வருத்தப்படவில்லை.

9. இடத்தில் பொருத்துவது

ஷீட்டை ஸ்குரூவால் சட்டத்தோடு பிடிக்காதீர்கள். சிலிக்கானைச் சொட்டுச் சொட்டாக, 300 மி.மீ.க்கு ஒன்றாகச் சட்டத்தில் வைத்து, ஷீட்டை அதன்மேல் இறக்குங்கள். ஒரு மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். இரவில் ஏசி, மதியம் வெயில் என்று தினமும் அது அசையும். சிலிக்கான் அந்த அசைவுக்கு இடம் கொடுக்கும், ஸ்குரூ கொடுக்காது. இதே காரணத்துக்காகச் சுவர்ப் பக்கம் 3 மி.மீ. இடைவெளி விட்டு, அதையும் சிலிக்கானால் மூடுங்கள். சிமென்ட் வைத்து அடைக்க வேண்டாம்.

10. தேய்ப்பு

முடிந்தவரை பட்டறையிலேயே தேய்த்து முடியுங்கள். நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இந்தத் தூளைக் கிளப்பக்கூடாது. அங்கே போட்ட ஜாயின்ட்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமை, வேக்கம் இணைத்த சாண்டரில் தேயுங்கள்.

150, 240, 320 எண் உப்புத்தாள், கடைசியில் ஸ்காட்ச் பிரைட். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் தூளை ஈரத்துணியால் முழுக்கத் துடையுங்கள். முந்தைய எண்ணின் ஒரு பொடி தங்கினாலும் அது வட்டம் வட்டமாகக் கீறும். ஜாயின்ட்டை மட்டும் குறிவைத்துத் தேய்த்தால் அங்கே குழி விழும். அகலமாகத் தேயுங்கள். கண்ணாடி மாதிரி பளபளப்பு வேண்டும் என்று கேட்பார்கள். மேட் முடிப்பே நல்லது என்று சொல்லிப் பாருங்கள். தினமும் துடைக்கும் மேஜையில் பளபளப்பு ஆறு மாதம் தாங்காது, கீறலும் அதில்தான் அதிகம் தெரியும்.

11. ஒப்படைப்பது

சாவி வாங்கும் டாக்டரிடம் பேசி முடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். துடைக்கப்போகும் அம்மாவைக் கூப்பிட்டு, கூடவே நின்று ஒரு தரம் துடைத்துக் காட்டுங்கள். தினசரி சோப்புத் தண்ணீர். கிருமிநாசினிக்கு ஹைப்போகுளோரைட் கரைசல் போட்டால், அது நிற்க வேண்டிய நேரம் நின்றதும் நல்ல தண்ணீரால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். அயோடின் கறை பட்டால் உடனே துடைக்க வேண்டும், தங்கிவிட்டால் ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்தால் போகும். கக்கூஸ் கழுவும் ஆசிட், பெயின்ட் கழற்றும் மருந்து, நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் மேஜைப் பக்கமே வரக்கூடாது. சூடான ஸ்டெரிலைசர் தட்டை நேராக மேலே வைக்கவும் கூடாது.

மிஞ்சிய ஷீட்டில் ஓரடிக்கு ஓரடித் துண்டு ஒன்றை வெட்டி, பின்னால் பேட்ச் எண்ணையும் தேதியையும் எழுதி, மேஜையின் உள் அலமாரியில் ஸ்குரூ போட்டு மாட்டிவிட்டு வாருங்கள். சில வருடம் கழித்து ஒரு மூலை உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. பழுது பார்க்க வருபவர் நீங்களாக இல்லாவிட்டாலும், அந்தத் துண்டை வெட்டி ஒட்ட அவரால் முடியும்.